அத்தையின் 'அப்புறம்'

சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஊறுகாய் ஜாடிகளைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் பல வாசகிகள் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "அம்மாவின் கைப்பக்குவத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதுமா? செல்போனில் படம் பிடித்து, அவர்களையே பேச வைத்து, வீடியோவாக வைத்துக்கொள்ளலாமா? அப்படிப் பிடித்தால் அதை வெட்டி ஒட்டிச் சீராக்குவது எப்படி?" என்று.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பூரணத் தகுதி உண்டு. அந்தக் காரியத்தைச் செய்து, கெடுத்து, அதனால் தலைகுனிந்து, மறுபடியும் முதலிலிருந்து செய்தவள் நான். ஆகவே, நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நீங்களாவது படாமல் தப்பித்துக்கொள்ளுங்கள்.

என் அத்தைக்கு வருகிற ஆவணியில் 82 வயது முடிகிறது. கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமா காலமான பிறகு சென்னையில் எங்களோடுதான் இருக்கிறாள். அத்தையின் சுண்டைக்காய் வற்றல் குழம்பு எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். கல்யாண வீட்டு விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்கூட, "அத்தை, ஒரு கரண்டி குழம்பு இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டு அடுக்களைக்குள் நுழைவார்கள்.

என் தங்கையின் பெண் சிகாகோவில் குடித்தனம் செய்கிறாள். "பெரியம்மா, அத்தைப்பாட்டி குழம்பு வைக்கிறதை அப்படியே வீடியோ எடுத்து அனுப்பேன்" என்று ஆறு மாதமாக நச்சரித்தாள். ஒரு சனிக்கிழமை காலையில், செல்போனைக் காபிப் பொடி டப்பாவின் மேல் சாய்த்து வைத்து அத்தையைப் பார்க்கத் திருப்பினேன். அத்தை பேசிக்கொண்டே சமைத்தாள். மொத்தம் 41 நிமிஷம்!

அந்த 41 நிமிஷத்தில் குழம்பு மட்டுமா இருந்தது? குக்கர் விசில் இருந்தது. வாசலில் கீரைக்காரியின் குரல் இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு மாட்டுப்பெண்ணைப் பற்றி, வெளியில் சொல்ல முடியாத அபிப்பிராயம் ஒன்று இருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் "அப்புறம்" இருந்தது. "வந்து..." இருந்தது. "என்ன சொல்லிண்டிருந்தேன்?" இருந்தது. இதை அப்படியே அனுப்பினால் சிகாகோக்காரி எங்கே உட்கார்ந்து பார்ப்பாள்? வெட்டத்தான் வேண்டும் என்று தீர்மானித்தேன்.

வெட்டுவது என்றால் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது தெரியுமா? ரேடியோ நிலையங்களில் பேச்சைக் கால் அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் பதிவு செய்வார்கள். அது விநாடிக்கு ஏழரை அங்குலமோ, 15 அங்குலமோ ஓடும். ஏழரை அங்குல வேகத்தில், அரை விநாடி இருமல் நாடாவில் மூன்றே முக்கால் அங்குலம். ரீலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, காதால் இடத்தைப் பிடித்து, மெழுகுப் பென்சிலால் குறி வைத்து, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டு நாடா போட்டு இணைப்பார்கள். ஓர் இருமலுக்கு இவ்வளவு வைபவம்!

டாகுமெண்டரிப் படம் எடுப்பவர்கள் வேறு ஒரு வழி வைத்திருந்தார்கள். பேசியது முழுவதையும் டைப் அடித்து, வேண்டிய பகுதிகளைக் கத்தரியால் நறுக்கி, வரிசை மாற்றி ஒட்டிப் பார்ப்பார்கள். தாளில் கதை சரியாக வந்த பிறகுதான் பிலிமில் கை வைப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தாளை ஒரு தரம், பிலிமை ஒரு தரம், ஆக இரண்டு தரம் வெட்ட வேண்டும்.

இப்போது தாளை வெட்டினால் பிலிமும் கூடவே வெட்டுப்பட்டுவிடுகிறது. அதுதான் புதுமை.

விஷயம் இவ்வளவுதான். கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்டு எழுதுகிறது. எழுதும்போதே, இந்தச் சொல் இத்தனையாவது விநாடியில் தொடங்கி இத்தனையாவது விநாடியில் முடிகிறது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ரகசியமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. திரையில் ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் படம். எழுத்தில் ஒரு வரியை அழித்தால், அந்த வரி பேசப்பட்ட நேரத்துக் குரலும் படமும் சேர்ந்தே விலகிவிடும். ஒரு பாராவைத் தூக்கி மேலே வைத்தால் படமும் மேலே போகும். கடிதம் எழுதித் திருத்தத் தெரிந்தவர்களுக்கு இதுவும் வரும். கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மத்தியானம்தான் ஆயிற்று.

2017-இல் அமெரிக்காவில் தொடங்கிய டிஸ்கிரிப்ட் என்ற கம்பெனி இந்த முறையைப் பிரபலமாக்கியது. சினிமாத் தொழிலில் இருப்பவர்கள் உபயோகிக்கும் அடோபி பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் ஆகியவற்றிலும் 2023-இல் இந்த வசதி வந்துவிட்டது. "தமிழ் எழுதுமா?" என்று கேட்கிறீர்களா? ஓப்பன் ஏ.ஐ. கம்பெனி 2022 செப்டம்பரில் விஸ்பர் என்ற கேட்டெழுதும் யந்திரத்தை இலவசமாக வெளியிட்டது. அதற்குத் தெரிந்த பாஷைகளில் தமிழும் ஒன்று. கேடென்லைவ் என்ற இலவச எடிட்டிங் செயலியில் 2023 முதல் விஸ்பரைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்யலாம். ஆனால் எல்லாச் செயலிகளுக்கும் தமிழ் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். காசு கட்டுமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ் தெரியும் என்றேனே தவிர, தப்பில்லாமல் எழுதும் என்று சொல்லவில்லை. அத்தை பேசுகிற வேகத்தில் என் கம்ப்யூட்டர் 'சுண்டைக்காய்' என்பதைச் 'சண்டைக்காய்' என்று எழுதி வைத்தது. எனக்கு ஒரே சிரிப்பு. பின்னால் நடக்கப்போவது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததோ என்னவோ!

இங்கேயே ஒரு ஜாக்கிரதை சொல்லிவிடுகிறேன். தப்பாக எழுதியிருக்கிறதே என்று அந்தச் சொல்லை அழித்துவிட்டுச் சரியாக எழுதப் போனால், அழிக்கிறபோதே அத்தையின் குரலும் போய்விடும். எழுத்தை மட்டும் திருத்துவதற்கு வேறு கட்டளை உண்டு. வெட்டுவது வேறு, திருத்துவது வேறு. இதை முதலில் தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

நான் கை வைத்தேன். அடேயப்பா, எத்தனை உற்சாகம்! கீரைக்காரி போனாள். குக்கர் போயிற்று. பக்கத்து வீட்டு மாட்டுப்பெண் தப்பித்தாள். "அப்புறம்" எத்தனை இருக்கிறது என்று தேடச் சொன்னேன். 63 என்றது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் எடுத்துவிட்டேன். பிறகு, பேச்சுக்கு நடுவே ஒரு விநாடிக்கு மேல் மௌனமாக இருந்த இடங்களையெல்லாம் சுருக்கு என்று இன்னொரு தட்டு. முடிவில்லாமல் தொங்கிய வாக்கியங்களையும் விட்டுவைக்கவில்லை. 41 நிமிஷம் ஒன்பது நிமிஷமாகிவிட்டது.

வீட்டில் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். என் பிள்ளை, "அம்மா, நீ சினிமாவுக்கே போகலாம்" என்றான். அத்தையை உட்கார வைத்துக் காட்டினேன். முழுவதும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஏதோ ரயிலைப் பிடிக்க ஓடற மாதிரின்னா பேசறேன்?" என்றாள். சிறிது நேரம் கழித்து, "மாமாவைப் பத்தி ஏதோ சொன்னேன்னு ஞாபகம்..." என்றாள்.

"அது பாதியிலே நின்னு போச்சு, அத்தை. முழு வாக்கியமா இல்லே. எடுத்துட்டேன்" என்றேன் பெருமையுடன்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு உறைக்கவே இல்லை. அன்று ராத்திரியே வீடியோவைச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து டெலிபோன் வந்தது. பெண் குரலில் அழுகை.

அவளுடைய மாமியாரும் மாமனாரும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கு நம் வீட்டுக் குழம்பை வைத்துப் போடலாம் என்று வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். "வாயிலே வைக்க முடியலே, பெரியம்மா. அப்படி ஒரு கசப்பு! அத்தைப்பாட்டி சொன்னபடிதான் செய்தேன். என் மாமியார், 'உங்க வீட்டிலே இப்படித்தான் வைப்பாங்களா?'ன்னு கேட்டுட்டாங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அத்தை அருகில் நின்றாள். நான் டெலிபோனை வைத்ததும், "நான் என்னடி சொன்னேன் அவளுக்கு?" என்று கேட்டாள். "அறுபது வருஷமா இந்தக் குழம்பை வைக்கிறேன். கசந்ததுன்னு ஒருத்தர் சொன்னதில்லையே!"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. சந்தேகம் இருந்தது. தனக்கு வயதாகிவிட்டது, தானே ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளே நினைத்துக்கொண்டுவிட்டாள். அன்று பூராவும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மறுநாள், "குழம்பு நீயே வை" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திண்ணைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

கம்ப்யூட்டரைத் திறந்து, நான் வெட்டியதைப் போட்டுக் கேட்டேன். "கடுகு வெடிச்சதும் துவரம்பருப்பைப் போடு. வெந்தயம் போடு" என்று வந்தது. அடுத்தடுத்து, மூச்சு விடாமல்.

பிறகு மூலத்தைப் போட்டுப் பார்த்தேன். "கடுகு வெடிச்சதும் துவரம்பருப்பைப் போடு" என்று சொல்லிவிட்டு அத்தை மௌனமாகிவிடுகிறாள். கரண்டியால் கிளறுகிறாள். வாணலியையே பார்க்கிறாள். ஒரு விநாடி, இரண்டு விநாடியா? 50 விநாடி! பிறகுதான், "அப்புறம், வெந்தயம் போடு" என்கிறாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பருப்பு நிதானமாகச் சிவக்கிற சரக்கு. வெந்தயம் போட்டவுடன் சிவந்து, கொஞ்சம் கண் அசந்தால் கறுத்து, குழம்பு முழுவதையும் கசப்பாக்கிவிடும். பருப்போடு சேர்த்து வெந்தயத்தைப் போட்டால், பருப்பு சிவப்பதற்குள் வெந்தயம் கரியாகிவிடாதா? அத்தையின் அந்த 50 விநாடி மௌனம்தான் பக்குவம். அந்த 'அப்புறம்'தான் செய்முறை. இரண்டையும் அசட்டுப் பேச்சு என்று நினைத்துத் துடைத்தெறிந்தவள் நான். பழி விழுந்தது அத்தையின் மேல்.

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்தேன். நான் அத்தையைக் கேட்கவில்லை, படித்தேன். எழுத்தில் மௌனம் விழுவதில்லை. சில செயலிகள் மௌனம் இருந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்துக் காட்டும். ஆனால் எதற்காக மௌனம் என்று அதற்குத் தெரியுமா? பேச்சு மறந்துபோன மௌனமும், பருப்பு சிவக்கக் காத்திருக்கிற மௌனமும் அதற்கு ஒன்றுதான். போதாக்குறைக்கு, செல்போன் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததே தவிர, வாணலிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பருப்பின் நிறம் படத்தில் இல்லவே இல்லை.

நல்ல காலம், இந்த முறையில் ஒரு பெரிய தர்மம் உண்டு. எழுத்தில் எவ்வளவு வெட்டினாலும் மூலப் பதிவு அழிவதில்லை. எந்தெந்தப் பகுதியைக் காட்ட வேண்டும் என்ற குறிப்புத்தான் மாறுகிறது. பிளேடால் வெட்டிக் கூடையில் போட்ட நாடாத் துண்டைப் போல அல்ல, வெட்டியதைத் திரும்ப வரவழைக்கலாம். வரவழைத்தேன். இந்தத் தடவை ஒரு வாரம் எடுத்துக்கொண்டு செய்தேன். அதில் கற்றதை உங்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, மூலப் பதிவை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். செல்போனில் இடம் இல்லை என்று அதை மட்டும் அழித்துவிடாதீர்கள். எழுத்தைத் திரும்ப வரவழைக்கலாம் என்றேனே, அது மூலம் இருக்கிறவரைக்கும்தான்.

இரண்டாவது, எழுத்தைப் பார்க்குமுன் முழுப் பதிவையும் ஒரு தரம் சாவகாசமாகக் கேளுங்கள். கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள். முதலில் எழுத்தைப் பார்த்தால், பள்ளிக்கூடத்து வாத்தியார் கட்டுரை திருத்துகிற புத்தி வந்துவிடுகிறது. பேசுகிறவர்கள் யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

மூன்றாவது, எந்தச் சொல்லையும் மொத்தமாக அழிக்காதீர்கள். 63 'அப்புற'த்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். 40 சும்மா வாயில் வந்தவை. மற்ற 23-ம் 'இதற்குப் பிறகு அது' என்று வரிசை சொன்னவை. இங்கிலீஷில் 'அம்', 'ஆ' என்று இழுப்பதைச் செயலியே பொறுக்கி எடுத்துவிடும். அவற்றுக்கு அர்த்தம் இல்லை, எடுத்தால் நஷ்டமும் இல்லை. நம்முடைய 'அப்புறம்' அப்படியல்ல. சில இடத்தில் அது வெறும் மூச்சு, சில இடத்தில் கடிகாரம்.

நான்காவது, தமிழுக்கென்றே உள்ள ஒரு சங்கடம். எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, நாக்கில் இல்லை. 'போட்டுட்டு', 'அப்புறம்' என்று கம்ப்யூட்டர் இரண்டு சொல்லாக எழுதுகிறது. அத்தையோ 'போட்டுட்டப்புறம்' என்று ஒரே மூச்சில் சொல்கிறாள். பின்சொல்லை அழித்தால் முன்சொல்லின் வாலும் சேர்ந்து அறுபடுகிறது. விக்கல் எடுத்த மாதிரி கேட்கும். ஆகவே, எழுத்தில் இடைவெளி உள்ள இடத்தில் வெட்டாமல், பேசுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில் வெட்டுங்கள். அப்படி இடம் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஓர் 'அப்புறம்' கூட இருந்தால் குடி முழுகிவிடாது.

ஐந்தாவது, ஒவ்வொரு வெட்டிலும் படம் ஒரு குதி குதிக்கும். இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை சட்டென்று அந்தப் பக்கம் பார்ப்பாள். அதை மறைக்க, கை வேலையைத் தனியாகப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வற்றல் பொரிவது, புளி கரைப்பது, பருப்பு பொன்னிறமாவது இவற்றையெல்லாம் கிட்டத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். குரல் தொடர்ந்து போகட்டும், மேலே அந்தப் படங்கள் வரட்டும். நான் மறுபடியும் குழம்பு வைக்கச் சொல்லி, இந்தத் தடவை வாணலிக்குள்ளேயே எடுத்தேன். 50 விநாடியும் பருப்பு நிறம் மாறுவதைப் பார்க்கலாம். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

சிலர், "பேசுவது நான்தான். என் குரலில்தான் சொல்லப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் வேலை இன்னும் சுலபம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்கு நடுவே கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கம் என்ன தெரிய வேண்டும், வலது பக்கம் என்ன பேச வேண்டும் என்று எழுதுங்கள். இடது பக்கம் தெரிவதையே வலது பக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியம் நீளம். பதிவு செய்கிறபோது நாக்குப் புரண்டால் நிறுத்திவிடாதீர்கள். ஒரு நிமிஷம் நிதானித்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி சொல்லுங்கள். பிறகு எழுத்தில் ஒரே வாக்கியம் இரண்டு தரம் தெரியும். ஒன்றை அழித்துவிடலாம். எதை அழிப்பது என்று மட்டும் கண்ணைக் கேட்காதீர்கள். எழுத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். காதைக் கேளுங்கள்.

பதிவு முடிந்ததும், யாரும் பேசாமல் அரை நிமிஷம் சும்மா பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி ஓசை, தெரு ஓசை எல்லாம் அதில் இருக்கும். வெட்டிய இடங்களில் அதை அடியில் இட்டு நிரப்பினால் ஓட்டை தெரியாது. ரவிக்கைக்குத் தையற்காரர் ஒட்டுத்துணி எடுத்து வைப்பதைப் போலத்தான்.

இவ்வளவும் முடித்த பிறகும் ஒரு குறை இருந்தது. "நல்லெண்ணெய்" என்று அத்தை சொன்ன இடத்தில் குக்கர் விசில் வந்து அந்தச் சொல்லை விழுங்கிவிட்டது. என் பிள்ளை, "கவலைப்படாதே, அம்மா. அந்தச் சொல்லை டைப் அடித்தால் கம்ப்யூட்டரே அத்தைப்பாட்டி குரலில் சொல்லிவிடும்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இது கதையல்ல. டிஸ்கிரிப்ட் கம்பெனி 2019-இல், லயர்பேர்ட் என்ற கனடாக் கம்பெனியை வாங்கி, இந்த வசதியை வெளியிட்டது. குரலுக்கு உரியவர் தாமே சம்மதம் சொல்லிப் பதிவு செய்து தர வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தது. அந்த நிபந்தனை எவ்வளவு அவசியம் என்பது பின்னால் தெரிந்தது. ஆன்டனி போர்டெய்ன் என்ற அமெரிக்கச் சமையற்காரரைச் சிலர் டெலிவிஷனில் பார்த்திருப்பீர்கள். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுக் கதை சொன்னவர். 2018-இல் காலமானார். 2021-இல் 'ரோட்ரன்னர்' என்று அவரைப் பற்றி ஒரு படம் வந்தது. அதில், அவர் எழுதி வைத்திருந்த சில வரிகளை, அவர் ஒருநாளும் வாயால் சொல்லிப் பதிவு செய்யாத வரிகளை, யந்திரத்தைக் கொண்டு அவர் குரலிலேயே பேச வைத்திருந்தார் டைரக்டர். விஷயம் வெளியில் தெரிந்ததும் பெரிய சர்ச்சை கிளம்பியது. எழுதியவர் அவர்தானே என்று ஒரு கட்சி. பேசியவர் அவர் இல்லையே என்று ஒரு கட்சி.

எனக்கு நியாயம் சொல்ல அந்த மகானுபாவரின் சம்மதம் கிடைக்காது. அத்தையிடம் கேட்கலாமே! போய்க் கேட்டேன்.

அத்தை சிறிது நேரம் என்னையே பார்த்தாள். "ஏண்டி, நான் உயிரோடதானே இருக்கேன்? கூப்பிட்டா வந்து சொல்லிட்டுப் போறேன். அதுக்கு எதுக்கு ஒரு மிஷின்?" என்றாள்.

வந்தாள். அதே அடுக்களை, அதே காலை நேரம், அதே மின்விசிறி. "நல்லெண்ணெய்" என்றாள். போதும் என்றேன். "கடலை எண்ணெய் ஆகாது. அதையும் போடு" என்றாள். அதுவும் சேர்ந்தது. யந்திரத்துக்கு இது தோன்றியிருக்குமா?

புது வீடியோ 16 நிமிஷம் வந்தது. அனுப்புமுன் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். இந்தத் தடவை எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளையே கேட்டேன். பக்கத்து வீட்டு மாட்டுப்பெண் சமாசாரத்தைக் கேட்டுவிட்டு, "அட ராமா, இதை எடுத்துடு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எடுத்தேன்.

அந்த முடியாத வாக்கியம் வந்தது. "மாமாவுக்கு இந்தக் குழம்புன்னா..." என்று சொல்லி நிறுத்திவிடுகிறாள். குழம்பைக் கிளறுகிறாள். 11 விநாடி. பிறகு, "உப்புப் பாரு" என்கிறாள். நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். "இருக்கட்டும்" என்றாள். இருந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிகாகோவிலிருந்து டெலிபோன் வந்தது. குழம்பு கசக்கவில்லையாம். மாமியார் இரண்டாம் தரம் கேட்டுப் போட்டுக்கொண்டாராம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அத்தைப்பாட்டியைக் கூப்பிடேன், பெரியம்மா. ஒன்று கேட்கணும்" என்றாள். கொடுத்தேன்.

"அத்தைப்பாட்டி, மாமாத் தாத்தாவுக்கு இந்தக் குழம்புன்னா என்ன?"

அத்தை டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரித்தாள். சொல்ல ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் எத்தனை 'அப்புறம்' வந்தது என்று நான் எண்ணவில்லை. பதிவும் செய்யவில்லை. அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும் என்று அடுக்களைக்குப் போய்விட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஓர் அத்தையோ, பாட்டியோ, பெரியம்மாவோ இருப்பார்கள். அவர்களை உட்கார வைத்துப் பேச விடுங்கள். வெட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். வெட்டிய பிறகு அவர்களிடமே காட்டுங்கள். அவர்கள் "சரி" என்ற பிறகு அனுப்புங்கள். நீங்கள் செய்து பார்த்ததை எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த வாரம், பட்டுப் புடவைகளை மடித்து வைப்பதைப் பற்றி. அதையும் அத்தையைக் கேட்டுத்தான் எழுதப் போகிறேன்.